உறுதி இல்லாத வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது இலங்கையின் மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலைகளில் போர்முனை இருக்கவில்லை. ஆனால் 1977, 1983 இனக்கலவரங்களில் அடித்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய நம் சொந்தங்கள் கடைசிவரை அதற்குள் அகப்பட்டுக் கிடந்தார்கள். கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த நம் பிள்ளைகளைச் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறக்கி நிறுத்தினார்கள். ஆகவே சமாதானத்தின் பலனில் நமக்கும் பங்கு உண்டென்று நம்பினோம். அப்படி நம்பியதில் பிழை இல்லை.

பலன் வராமல் இல்லை. 2011, 2012 இரண்டு ஆண்டுகளிலும் பொருளாதாரம் 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததாக அரசாங்கக் கணக்கு சொன்னது. தெற்கே அதிவேக நெடுஞ்சாலை திறந்தார்கள். 2014இல் தேயிலை ஏற்றுமதி 160 கோடி டொலரைத் தாண்டியது. 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடு என்று வகைப்படுத்தியது. அதே 2019இல் எடுத்த வீட்டு வருமான, செலவின ஆய்வோ நாட்டில் வறியவர்கள் 14.3 சதவீதம், தோட்டத் துறையில் 33.8 சதவீதம் என்று காட்டியது. மூன்றில் ஒருவர்! நாடு முழுவதற்கும் சராசரி போடும்போது இந்த மூன்றில் ஒருவர் கண்ணில் படுவதே இல்லை.

தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவின் பழைய சம்பளத் துண்டுகளைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் செய்த 2011 சம்பளக் கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிந்திய ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அடிப்படை நாட்சம்பளம் 380 ரூபாய். மற்றக் கொடுப்பனவுகள் சேர்ந்தால் 515. அந்த முழுத்தொகை கைக்கு வர, மாதத்தில் வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசிக்காவது மலைக்குப் போயிருக்க வேண்டும். மழையில் கொழுந்து குறைந்து சொன்ன கிலோ எட்டாத நாளில் அரைப் பேர், அதாவது அரை நாட்சம்பளம்தான். பிறகு கழிவுகள்: சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, கோயில் பணம், தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள். நிறுவையில் கூடைக்கும் ஈரத்துக்குமாகக் குறைத்த கிலோ அந்தத் துண்டில் வராது. ஆனால் அம்மா ஒவ்வொரு நாளும் அதைக் கணக்கு வைத்திருந்தார்.

நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று வருடக்கணக்காகப் போராடினோம். 2021இல் கிடைத்தது. மறு வருடமே ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனது. ரொட்டிக்கு மா வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது.

சம்பளத்தைப் பற்றி நாம் நிறையவே பேசிவிட்டோம். எனக்கு அதைவிட ஆழமான காயமாகப் படுவது நிலம். எல்ல என்ற மலையூரின் பக்கம் போய்ப் பாருங்கள். போருக்குப் பிறகு வெளிநாட்டுப் பயணிகள் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சொந்தக் காணி இருந்தவர்கள் வீட்டோடு இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள், அடுத்த வருடம் மாடி எழுப்பினார்கள். அவர்கள் உழைத்தார்கள், முன்னேறினார்கள். அதில் எனக்கு மனக்குறை கிடையாது. அதே மலையின் மறுபுறம், அதே காட்சி தெரியும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்தவரால் என்ன செய்ய முடிந்தது? லயக் காம்பரா அவருடையதல்ல. கூரைத் தகரம் மாற்றவே தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். அவருடைய மகன் அந்த விடுதிகளில் பயணிகளின் பைகளைத் தூக்கினான்.

1972இலும் 1975இலும் தோட்டக் காணிகள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் கைமாறிய ஒவ்வொரு தடவையும் லயமும் அதற்குள் இருந்த சனமும் சேர்ந்தே கைமாறினார்கள். தோட்டங்களுக்குள் உள்ளூராட்சி அமைப்பான பிரதேச சபை தாராளமாக வேலை செய்யவே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இத்தனை தலைமுறை தேயிலைக்கு உழைத்த மக்களுக்கு அதுவரை ஒரு தெருவிளக்கு கேட்பதுகூடச் சிக்கலாக இருந்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

லயத்தில் இருப்பவர்களுக்கு ஏழு பேர்ச்சஸ் அளவுள்ள காணித் துண்டில் தனி வீடு என்ற திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். என் தங்கைக்கும் அப்படி ஒரு வீடு கிடைத்தது. சாவி வாங்கிய அன்று அவள் செய்த முதல் வேலை, வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டதுதான். லயத்தில் அவளுக்கென்று மண் இருக்கவில்லை. பிறகு வீட்டோடு ஒரு சில்லறைக் கடை போட நினைத்து வங்கிக்குப் போனாள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வீடு யாருடைய பெயரில் இருக்கிறது, காணியின் உரிமைப் பத்திரமான உறுதி எங்கே என்று கேட்டார். உறுதி இன்னும் வரவில்லை என்றாள். வந்த பிறகு வாருங்கள் என்று விண்ணப்பப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் காத்திருக்கவில்லை. தோடு இரண்டையும் அடகு வைத்துக் கடையைத் திறந்துவிட்டாள். பருப்பு, மா, சவர்க்காரம், பிள்ளைகளுக்குக் கொப்பி எல்லாம் விற்கிறாள். தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. மாதா மாதம் வட்டி கட்டுகிறாள்.

வணக்கம்.