மிளகுத்தண்ணி மட்டும் காணாது, சரக்குக்கறி வையுங்கோ

வணக்கம், எல்லாரும் சுகமா இருக்கிறியளோ? இஞ்ச கொழும்பு வெள்ளவத்தையில மார்கழி. விடியப்புறம் 22 பாகைக்கு இறங்கினாலே சனம் காதை மூடிக்கொண்டுதான் கோயிலுக்குப் போகும். ஆனா இண்டைக்கு நான் முக்கியமாக் கதைக்கிறது டொரோண்டோவில, லண்டனில, ஏன் நுவரெலியாவிலயும் உண்மையான குளிருக்குள்ள இருக்கிற உங்களோட.

குளிருக்கு என்ன செய்யிறியள் எண்டு கேட்டால், அநேகம் பேர் மிளகும் இஞ்சியும் அவிச்சுக் குடிக்கிறம் எண்டுதான் சொல்லுவினம். குடியுங்கோ, நல்லது. தொண்டைக்கு இதம், மூக்கும் கொஞ்சம் திறக்கும். ஆனா அதால உடம்பு சூடாகுது எண்டு மட்டும் நம்பியிராதேங்கோ. சூட்டுக்கு எண்டால் சரக்குக்கறி, அதாவது மல்லி, மிளகு, நற்சீரகம் மாதிரியான சரக்குகளை அரைச்சு வைக்கிற மீன்கறிதான் நல்லது.

எங்கட நரம்பில சூட்டை உணருறதுக்கு ஒரு வாசல் மாதிரி இருக்கு. 43 பாகையளவு சூடு பட்டாத்தான் அது திறக்கும். மிளகாயின்ர காரம் பட்டாலும் அதே வாசல்தான் திறக்கும். 1997இல இதைக் கண்டுபிடிச்ச அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியசுக்கு 2021இல மருத்துவ நோபல் பரிசில பங்கு கிடைச்சது. மிளகும் வேர்க்கொம்பும் (காய்ஞ்ச இஞ்சி, சுக்கு) தட்டுறது அதே வாசலைத்தான். அப்ப மூளை "சரியான வெக்கை" எண்டு நினைச்சு வேர்க்க வைக்கும். வேர்வை உடம்பைக் குளிர வைக்கிற சாமான். செத்தல் மிளகாய் அள்ளிப் போட்ட கறியைச் சாப்பிட்டு, வேர்த்த உடம்போட பனிக்குள்ள இறங்கிறது எனக்குச் சரியாப் படேல்லை.

சாப்பாட்டால உண்மையான சூடு வாறது அதைச் செமிக்கிறதில. அதிலயும் புரதம்தான் முதல். மீன், முட்டை, பருப்பு இதுகளின்ர புரதத்தில இருக்கிற சக்தியில 20 தொடக்கம் 30 வீதம் செமிபாட்டிலேயே சூடாப் போகுது. மாச்சத்தில 5 தொடக்கம் 10 வீதம்தான். கொழுப்பில அதையும் விடக் குறைவு.

இப்ப எங்கட சரக்குக்கறியை யோசிச்சுப் பாருங்கோ. மீனும் இருக்கு, சரக்கும் இருக்கு, சுடச்சுடச் சோறும் இருக்கு! இதைப் பிள்ளை பெத்த தாய்மாருக்கு மட்டும் எண்டு ஒதுக்கி வைச்சிருக்கிறது பெரிய அநியாயம்.

எங்கட வீட்டில மல்லி 100 கிராமுக்கு மிளகு 25, நற்சீரகம் 25, ஒரு துண்டு வேர்க்கொம்பு, ஒரு துண்டு மஞ்சள், நாலைஞ்சு திப்பிலி. மிளகாய் போடுறேல்லை. போர்த்துக்கேயர் காலத்துக்கு முதல் இந்தத் தீவில மிளகாயே இல்லை, உறைப்புக்கு மிளகுதான். வேர்க்கொம்பையும் மஞ்சளையும் முதல்ல இடிச்சுக்கொள்ளுங்கோ, இல்லாட்டி கிரைண்டர் பிளேட் போயிடும். மற்றதுகளை மெல்லிய நெருப்பில, மல்லி வாசம் வாற வரைக்கும் மட்டும் வறுங்கோ. கறுக்க விட்டால் கைக்கும்.

ஒட்டி, ஓரா, விளைமீன் எது கிடைச்சாலும் சரி. முழு உள்ளி (பூண்டு) ஒண்டு உரிச்சு நல்லெண்ணெயில வதக்கி, பழப்புளி கொஞ்சமாக் கரைச்சு விட்டு, தூளைப் போட்டுக் கொதிக்க விடுங்கோ. மீனைக் கடைசியாப் போடுங்கோ. தேங்காய்ப்பால் வேண்டாம். திருவெம்பாவை நாளில மச்சம் இல்லாத வீடுகளில கடலையும் முருங்கைக்காயும் போட்டு வைக்கலாம், அதுவும் நல்லாயிருக்கும்.

இந்தத் தூளில கறுவா (பட்டை) இல்லை, ஆனா வெளிநாட்டில இருந்து அதையும் பாவிக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. அங்க கடையில கறுவா எண்டு விக்கிறது கனக்க காசியாப்பட்டை. தடிச்ச ஒரே பட்டையாச் சுருண்டிருக்கும். அதில கூமரின் எண்ட வேதிப்பொருள் அதிகம், தினமும் கனக்கச் சேர்த்தால் ஈரலுக்குக் கூடாது. எங்கட கறுவா மெல்லிசு மெல்லிசாப் பல அடுக்கு, சுருட்டு மாதிரி, கையாலேயே நொருக்கலாம். அதில கூமரின் மிகவும் குறைவு. கொழும்பு 7க்குக் கறுவாத்தோட்டம் எண்டு பேர் வந்ததே ஒல்லாந்தர் காலத்தில அங்க இது விளைஞ்சதாலதான். இஞ்சயிருந்து ஆரும் வந்தால் சொல்லி எடுப்பியுங்கோ.

ரத்தம் உறையாமல் மருந்து எடுக்கிற ஆக்கள் வேர்க்கொம்பைக் கூட்டுறதுக்கு முதல் டொக்டரிட்டைக் கேளுங்கோ. நெஞ்செரிவு இருக்கிற ஆக்கள் வெறும் வயித்தில மிளகுத்தண்ணி குடிக்காதேங்கோ. தூளை ஈரமில்லாத போத்திலில இறுக்கி மூடி வையுங்கோ. கொஞ்சமா அரைச்சு, முடியத் திரும்ப அரைக்கிறதுதான் நல்லது. ரெண்டு மூண்டு மாசம் போனால் திப்பிலி வாசம் போயிடும்.