பத்திரம் இல்லாதவரை வைத்து அளந்து பாருங்கள்

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம். ஒரு நாட்டின் சொத்துரிமையை அளக்கச் சரியான அளவுகோல் பத்திரம் உள்ளவரின் பாதுகாப்பா, பத்திரம் இல்லாதவரின் பாதுகாப்பா? இதுதான் தலைப்பு. நான் இல்லாதவர் பக்கம்.

எதிரணித் தலைவர் நம் கிராண்டை, அதாவது நிலப் பத்திரத்தை, பெருமையாகப் பேசினார். பதிவேட்டில் பெயர் இருந்தாலே உரிமை உறுதி என்னும் டோரன்ஸ் முறை, 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, இங்கே மலேசியாவிலும் இருக்கிறது. இந்தியப் பத்திரப்பதிவு அந்த அளவுக்கு உத்தரவாதம் தருவதில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் மலேசியாவின் தேசிய நிலச் சட்டத்தின் 341ஆவது பிரிவு என்ன சொல்கிறது? அடுத்தவர் நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் உரிமை பிறக்காது. பிரேசிலின் 1988 அரசியலமைப்பில், வேறு சொத்தில்லாத ஒருவர் நகரத்தில் 250 சதுர மீட்டருக்குள் 5 ஆண்டு எதிர்ப்பில்லாமல் குடியிருந்தால், அரசு நிலமாக இல்லாதவரை, அந்த இடத்துக்கு உரிமை கோரலாம்.

"நம் தோட்டத் தொழிலாளி முதலாளியின் நிலத்தில் அவர் அனுமதியோடு குடியிருந்தவர், அவருக்கு இது பொருந்துமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத் தென் ஆப்பிரிக்கா வாருங்கள். அங்கே 1997இல் ஒரு சட்டம் வந்தது. கிராமப்புறத்தில் பிறர் நிலத்தில் அனுமதியோடு 10 ஆண்டு வாழ்ந்து 60 வயதைத் தொட்டவரை, அவர் பெரிய தவறு செய்யாதவரை, கிளப்ப முடியாது. மற்றவரை வெளியேற்றவும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். நிலம் கைமாறினால் புது முதலாளியையும் அது கட்டுப்படுத்தும். சட்டத்தை மீறி வெளியேற்றுவது அங்கும் நடக்கிறது. ஆனால் வழக்குப் போட அவருக்கு ஒரு பிடி இருக்கிறது.

தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான நம் லயத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் சொந்தக் காசில் ஜிங்க் போட்டு அடுப்படியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி, முருங்கை மரம். தோட்டம் விலைபோனால் இவை யாருடையவை? எதிரணி காட்டிய உலகச் சொத்துரிமைப் பட்டியல் நீதிமன்றத்தை அளக்கிறது, நிலப்பதிவை அளக்கிறது, காப்புரிமையைக்கூட அளக்கிறது. அந்த அடுப்படிக்கு அதில் எந்தக் கட்டம்?

இந்த ஊரில் பிறந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்கினாரே, எதற்கு? பத்திரம் வைத்திருந்தவர்களின் உரிமை அன்றைக்கும் உறுதியாகத்தான் இருந்தது. அந்த உறுதியால்தான் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, பத்திரம் இல்லாத தொழிலாளிகளைக் கிளப்ப முடிந்தது. எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.