பால்மரக் காட்டிலிருந்து பர்மா வரை

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

1943ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், சிங்கப்பூரில் நடந்த பெண்கள் கூட்டத்துக்கு வந்த நேதாஜிக்கு, வெள்ளைச் சேலை உடுத்திய இருபது பெண்கள் துப்பாக்கி ஏந்தி அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். .303 துப்பாக்கி ஏறக்குறைய 4 கிலோ கனம். பழகக் கிடைத்ததோ சில நாட்கள்தாம். சேலைத் தலைப்பு நழுவாமல், கை நடுங்காமல், அந்தக் கனத்தை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து நின்ற அந்தக் காட்சியை நீங்கள் ஒருமுறை கண்முன் நிறுத்திப் பார்க்க வேண்டும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் தொடக்கம் அதுதான். சென்னையில் மருத்துவம் படித்துச் சிங்கப்பூரில் தொழில் செய்துவந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். அக்டோபர் 22ஆம் நாள் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது.

கேப்டன் லட்சுமியை நாம் அறிவோம். நான் இன்று பேச வந்தது அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களைப் பற்றி. அவர்களில் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். விடியுமுன் எழுந்து, பிரட்டு எனும் காலை வருகைக் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, இருள் பிரியாத காட்டில் மரம் மரமாகப் பட்டையைச் சீவிப் பால் எடுத்துப் பிழைத்தவர்கள். கங்காணியின் குரலுக்கும் துரையின் பார்வைக்கும் அஞ்சியே வளர்க்கப்பட்டவர்கள். அதே ஆண்டுகளில்தான் அவர்களுடைய அண்ணன்மாரும் கணவன்மாரும் ஆயிரக்கணக்கில், ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தார்கள். பார்த்தறியாத ஒரு நாட்டின் விடுதலைக்காக இந்தப் பெண்கள் காக்கிச் சட்டையும் காற்சட்டையும் அணிந்தார்கள் என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பலர் நீண்ட பின்னலை வெட்டிக்கொண்டார்கள். புரியாத இந்துஸ்தானியில் வந்த கட்டளைகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, கால் மாற்றி நடந்தார்கள்.

அவர்கள் போர்முனையில் சுடவில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. பர்மாவிலிருந்து இந்தியாவுக்குள் நுழைய முயன்ற இம்பால் படையெடுப்பு 1944இல் தோல்வியில் முடிந்ததால் பர்மாவரை போயும் களம் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனை விட்டுப் புறப்பட்ட அந்தப் பின்வாங்கலை எண்ணிப் பாருங்கள். வானூர்திகளுக்கு அஞ்சிப் பகலில் பதுங்கி, இரவில் சேற்றிலும் ஆற்றிலும் இறங்கி, மூட்டையைச் சுமந்தபடி பாங்காக் நோக்கி நடந்தார்கள்; அவர்களை விட்டுவிட்டுத் தனியே போக மறுத்த நேதாஜியும் உடன் நடந்தார். பின்வாங்கும் வழியில் ரயில் தாக்கப்பட்டபோது இந்தப் படையின் பெண்கள் உயிரும் விட்டார்கள். களம் என்பதற்கு இதைவிட வேறு என்ன பொருள் வேண்டும்?

போருக்குப் பிறகு, படையின் துணைத் தலைவியாக இருந்த ஜானகி ஆதி நாகப்பன் மலேசிய மேலவை உறுப்பினரானார். 2000இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. பதினாறு வயதில் சேர்ந்த ராசம்மா பூபாலன் கல்வியாளராகப் பெயர் பெற்றார். கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, 2012இல் தமது 97ஆம் வயதில் மறைந்தார். படிப்பும் வசதியும் இருந்தவர்களின் பெயர்கள் இப்படி நிலைத்தன. தோட்டத்துப் பெண்களோ துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு அதே மரங்களுக்கு நடுவே போனார்கள். பேரப்பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அந்தப் படையில் இருந்த அம்மாவையோ பாட்டியையோ பற்றிய நினைவு எஞ்சியிருந்தால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எந்த முகாமில் இருந்தார் என்பதையும் ஒரு தாளில் எழுதி இங்கே கொடுத்துவிட்டுப் போங்கள். செக்ரோல் எனும் தோட்டப் பதிவேட்டில் கூலிக் கணக்குக்காக மட்டும் எழுதப்பட்ட அந்தப் பெயர்களைப் படைவீரர் பட்டியலில் எழுத வேண்டியிருக்கிறது. வணக்கம்.