மலைநாட்டுத் தொட்டியில் எந்த மீனோடு எந்த மீன்?

வணக்கம் நேயர்களே. ஒரே தொட்டியில் பல வகை மீன்களைச் சேர்த்து வளர்ப்பது பற்றிப் பேசுமாறு அழைத்திருக்கிறார்கள். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்த காலம் முதல் இன்றுவரை என்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் விடயம் இது. எந்த வீட்டில் மீன் தொட்டியைக் கண்டாலும், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு முதலில் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பேன். மீன்களின் பெயரும் நிறமும் எனக்கு அதற்குப் பிறகுதான்.

ஏன் அப்படி என்று கேட்பீர்கள். எந்த மீன் எந்த மீனைக் கடிக்கும் என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். இலங்கையின் மலைநாட்டில் அதற்கு முன்னால் வரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரே குளிரில், ஒரே தண்ணீரில் இந்த மீன்களெல்லாம் சேர்ந்து வாழ முடியுமா? தண்ணீர் ஒத்துவராத மீன் சோர்ந்து கிடக்கும். சோர்ந்த மீனை மற்ற மீன்கள் சும்மா விடுவதில்லை. நாம் சண்டை என்று நினைப்பதில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான். தை, மாசியில் புல்லின் மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடப்பதை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். ஹீட்டர் இல்லாத தொட்டியின் தண்ணீர், அறை என்ன குளிரோ அந்தக் குளிருக்கே வந்துவிடும். கடையில் நாம் வாங்கும் ஏஞ்சல், பைட்டர், கப்பி போன்றவற்றுக்கு 24 முதல் 28 பாகை வரை வேண்டும். கொழும்பில் அது தானாகவே கிடைக்கிறது. தலவாக்கலையில் கிடைக்குமா? கப்பி உடனே செத்துவிடாது. அடியில் போய் ஒதுங்கும், தீனியை விட்டுவிடும், சில நாட்களில் உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி நோய் வந்துவிடும். "மீன் ராசியில்லை" என்று வீட்டில் சொல்வார்கள். ராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, குளிர்தான் காரணம்.

ஹீட்டர் போடலாமே என்றால், போடலாம். ஆனால் 16 பாகை அறையில் 60 லீற்றர் தண்ணீரை 25 பாகைக்குக் கொண்டுவர 100 வாற்று அளவிலான ஹீட்டர் வேண்டியிருக்கும். இரவு முழுக்க அது விட்டு விட்டு எரியும். மின்கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் நின்றால் இரண்டு நாள் வராத தோட்டங்கள் உண்டு. அப்போது வெப்பத்துக்குப் பழகிய மீன்களின் கதி என்ன? ஆகவே நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: குளிரைத் தாங்கும் மீனைத் தேர்ந்தெடுங்கள்.

அப்படிப்பட்ட மீன்கள் இருக்கின்றன. வைட் கிளவுட் என்று ஒரு சிறு மீன், நான்கு சென்டிமீற்றர்தான் இருக்கும், சீனாவின் குவாங்சோ நகருக்கு அருகிலுள்ள மலை ஓடைகளைச் சேர்ந்தது. 18 பாகையில் ஓடி விளையாடும், அதற்குக் கீழே போனாலும் சமாளிக்கும். உடம்பில் நீலக் கோடு போட்ட ஸீப்ரா டானியோவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ரோசி பார்ப் கொஞ்சம் பெரியது, துடிப்பானது, குளிருக்கு அஞ்சாதது. அடியில் மேயும் மீன் வேண்டுமானால் புள்ளி போட்ட பெப்பர்ட் கோரி. இந்த நான்கும் ஒரே தொட்டியில் கூடி வாழும், தொட்டி ஓரளவு நீளமாக இருந்தால் போதும்.

கோல்ட் பிஷ்ஷும் குளிர் மீன்தானே என்று கேட்பீர்கள். ஆம், குளிர் மீன்தான். 18 முதல் 22 பாகை அதற்கு நன்றாகப் பொருந்தும். ஆனாலும் மற்ற மீன்களோடு அதைச் சேர்க்காதீர்கள். அது நிறையச் சாப்பிட்டு நிறையக் கழிக்கும். ஒரு சாணுக்கும் மேல் வளரும். வாய்க்குள் அடங்கும் சின்ன மீனை விழுங்கும். அதோடு, கண்ணாடியில் ஒட்டிப் பாசி மேயும் சக்கர் மீனைப் போட்டால் இன்னும் மோசம். கண்ணாடியில் பாசி தீர்ந்ததும் அந்தச் சக்கர், கோல்ட் பிஷ்ஷின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்பை உறிஞ்சும். விரல் நீளத்தில் வாங்கும் சக்கர் ஓர் அடிக்கும் மேல் வளரும் என்பதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. கோல்ட் பிஷ் பிடிக்குமா, கோல்ட் பிஷ்ஷை மட்டும் வையுங்கள்.

அடுத்தது தண்ணீரின் தன்மை. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக் கிணற்றில் குளித்திருப்பீர்கள். சவர்க்காரம் எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. இங்கே மலையிலிருந்து வந்து விழும் நம் பீலித் தண்ணீரில் கொஞ்சம் தேய்த்தாலே நுரை பொங்கும், கழுவக் கழுவ வழவழப்புப் போகாது. அங்கே நிலத்தடியில் சுண்ணாம்புக் கல், அதனால் தண்ணீர் கடினம். இங்கே பெரும்பாலும் பழைய உறுதியான பாறை, அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு, அதனால் மென்னீர். மொலிக்கும் கப்பிக்கும் வாள்வாலுக்கும் கடின நீர்தான் பிடிக்கும். மென்னீரில் விட்ட மொலி இருந்த இடத்திலேயே நின்று உடம்பை உதறிக்கொண்டிருக்கும். பார்த்திருக்கிறீர்களா? அது ஆட்டமல்ல, அவதி. டெட்ரா, பார்ப் இனங்கள் மென்னீருக்கென்றே பிறந்தவை. மற்ற ஊர்க்காரர்கள் இவற்றுக்காகத் தண்ணீரைப் பக்குவப்படுத்திக்கொண்டிருக்க, நமக்குப் பீலியிலேயே அது வந்து விழுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: மேலே மரக்கறித் தோட்டத்திலோ தேயிலை மலையிலோ மருந்து அடித்த நாட்களில் பீலித் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். நகரக் குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வையுங்கள்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். இதில் ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

ஹட்டனுக்கு அருகே ஒரு பாடசாலை. அதிபரின் அறையில் ஹீட்டரோடு நல்ல தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஓர் ஏஞ்சல், சில பிளாட்டி, இரண்டு டைகர் பார்ப். ஏஞ்சலின் நீண்ட செட்டைகள் கந்தலாகிக்கொண்டே வந்தன. கடையில் கேட்டதற்குப் பூஞ்சணம் என்று சொல்லி நீல மருந்து கொடுத்தார்கள். தண்ணீர் நீலமானது, செட்டை மட்டும் தேறவில்லை. இன்னொருவர் உப்புப் போடச் சொன்னார். அதிபர் மிகுந்த கவலையோடு என்னை அழைத்தார். மருந்தை நிறுத்திவிட்டு, தொட்டிக்கு எதிரே ஒரு நாற்காலி போடச் சொன்னேன். தரம் ஏழில் படிக்கும் மாணவன் ஒருவனும் ஆசையோடு பக்கத்தில் வந்து நின்றான். அசையாமல் இருந்தோம். நேயர்களே, இது முக்கியம். மனிதர் அசையாமல் இருந்தால் சிறிது நேரத்தில் மீன்கள் நம்மை மறந்து தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்கும். முதலில் கண்டுபிடித்தவன் அந்தப் பையன்தான். "சேர், கோடு போட்ட மீன்தான் கடிக்கிறது" என்றான். பார்த்தேன். டைகர் பார்ப் பின்னால் வந்து செட்டையைக் கவ்வி இழுத்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல விலகிப் போனது.

டைகர் பார்ப்பைக் கெட்ட மீன் என்று சொல்லிவிடக்கூடாது. அது கூட்டமாக வாழும் மீன். எட்டுப் பத்து சேர்ந்திருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திப் பிடித்து யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும். இரண்டை மட்டும் விட்டால் அந்த வேகத்தையெல்லாம் மெதுவாக நீந்தும் நீளச் செட்டைக்காரன் மேல் காட்டும். ஏஞ்சலை ஆய்வுகூடத் தொட்டிக்கு மாற்றினோம். அதிபர் இன்னும் ஆறு டைகர் பார்ப் வாங்கினார். பிளாட்டிகளை அவை திரும்பியும் பார்க்கவில்லை. ஏஞ்சலுக்குச் செட்டை மெல்ல மெல்ல மறுபடி வளர்ந்தது. மருந்தில்லாமல் வளர்ந்தது. ஜோடி ஜோடியாக மீன் வாங்கும் வழக்கத்தை நாம் விடவேண்டும் என்று நான் எங்கே போனாலும் சொல்வதற்கு இதுதான் காரணம். டெட்ராவோ பார்ப்போ டானியோவோ, ஒரே இனத்தில் ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். ஐந்து இனத்தில் இரண்டிரண்டு வாங்குவதைவிட இரண்டு இனத்தில் ஆறாறு வாங்குவது எவ்வளவோ மேல்.

பைட்டரும் கப்பியும் சேராது. கப்பியின் வாலை இன்னொரு பைட்டர் என்று எண்ணிப் பாயும். வளர்ந்த ஏஞ்சல் நியோன் டெட்ராவைத் தின்றுவிடும்.

இப்போது நம் நாட்டு மீன்கள். செர்ரி பார்ப்பை உலகத்துக்கு முதன்முதலில் விவரித்தவர் பி. ஈ. பி. தெரணியகல, 1929இல். பின்னாளில் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர். இன்னொன்று பிளாக் ரூபி பார்ப். சிங்களத்தில் புலத் ஹப்பயா என்பார்கள். ஆண் மீன் நிறம் கொள்ளும்போது முன்பாதி செக்கச் சிவந்து பின்பாதி கறுத்துவிடும். சிவனொளிபாதமலைப் பக்கத்தில் ஊற்றெடுக்கும் களனி ஆறு, கீழே ஈரக்காட்டு நிழலில் ஓடுமிடங்களில் இவை இருக்கின்றன. இரண்டும் அமைதியானவை, சிறியவை, மென்னீருக்குப் பழகியவை. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கம் ஹீட்டர் இல்லாமலே வளர்க்கலாம். நுவரெலியாக் குளிர் மட்டும் இவற்றுக்கு அதிகம். தொட்டிகளுக்காக ஓடைகளில் அள்ளி அள்ளியே பிளாக் ரூபி குறைந்துபோனது. ஆகவே பண்ணையில் குஞ்சு பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஓடையில் பிடித்ததென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன்.

நேரமாகிவிட்டதென்று கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை வருகிறது. புதுத் தொட்டியைப் பழக்குவது பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: எல்லா மீனையும் ஒரே நாளில் விடாதீர்கள். கழிவைச் சுத்தமாக்கும் பக்டீரியா குளிரில் மெதுவாகத்தான் பெருகும். அதனால் நாம் கீழ்நாட்டுக்காரரைவிடக் கூடுதலாகப் பொறுக்கவேண்டும். கடைப் பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்த பின்பே மீனை விடுங்கள். பெரிதாகிவிட்ட சக்கரைக் கொண்டுபோய் ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ விடாதீர்கள். இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே அது பரவிக்கிடக்கிறது. கடைக்கோ, பெரிய தொட்டி உள்ள பாடசாலைக்கோ கொடுங்கள். நன்றி, வணக்கம்.