தன் கணக்கையே சந்தேகித்தவர்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு அண்டவியலாளர் ஜிம் பீபிள்ஸைப் பற்றிப் பேசப் போகிறேன். 2019ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பாதி அவருக்குப் போனது. எனக்கு அவரிடம் பிடித்தது பரிசு இல்லை. தான் போட்ட கணக்கை ஊரே ஒப்புக்கொண்ட பிறகும் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாரே, அந்தக் குணம்.

கனடாவின் மனிடோபாவில் பிறந்தவர். 1958இல் மேற்படிப்புக்காகப் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து இயற்பியலாளர் ராபர்ட் டிக்கியிடம் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அண்டவியல், அதாவது அண்டம் முழுவதையும் ஆராயும் துறை என்றால் பல இயற்பியலாளர்களுக்கு இளக்காரம்தான். கையில் இருந்த தரவோ கொஞ்சம். அதை வைத்து யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம். பீபிள்ஸுக்கே முதலில் அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அண்டம் சூடாகத் தொடங்கியிருந்தால் அந்தச் சூட்டின் மிச்சம் இன்னும் இருக்க வேண்டும், அதன் விளைவுகளை யோசித்துப் பார் என்று தூண்டியவர் டிக்கி. மிச்சத்தைத் தேடும் கருவியை டிக்கியின் குழுவில் இருந்த ரோலும் வில்கின்சனும் செய்யத் தொடங்கினார்கள்.

1965 தொடக்கத்தில் பீபிள்ஸ் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். செய்தி ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு மாறி, பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த பென்சியாஸை எட்டியது. அவரும் ராபர்ட் வில்சனும் ஹோம்டெலில் ஒரு கொம்பு ஆன்டெனாவில் வரும் ஓயாத இரைச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். புறாக்களை விரட்டி, எச்சத்தைச் சுரண்டி எடுத்தும் இரைச்சல் போகவில்லை. டிக்கியிடம் தொலைபேசியில் பேசியதும், அந்த இரைச்சல்தான் டிக்கி குழு தேடிய மிச்சச் சூடு என்பது விளங்கிவிட்டது. பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் 1978இல் நோபல் கிடைத்தது. பிரின்ஸ்டன்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் காத்திருந்தது. ஆல்ஃபர், ஹெர்மன் என்ற இரு இயற்பியலாளர்கள் 1948இலேயே இந்த மிச்சச் சூடு சுமார் 5 கெல்வின் என்று எழுதியிருந்தார்கள். பிரின்ஸ்டன்காரர்கள் அதைப் படித்திருக்கவே இல்லை!

சரி, கணக்குக்கு வருவோம். 1968இல் பீபிள்ஸ் வெளியிட்டது எனக்கு மிகப் பிடித்தது. இளம் அண்டத்தில் புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் தனித்தனியே அலைந்தன. குளிரக் குளிர, இரண்டும் சேர்ந்து ஹைட்ரஜன் ஆக வேண்டும். கேட்க எளிதுதான். ஆனால் எலெக்ட்ரான் நேராக அணுவின் அடிமட்ட ஆற்றல் நிலைக்கு விழுந்தால் ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள் கிளம்பும். அது போய் இன்னோர் அணுவை உடைத்துவிடும். ஓர் அணு வரவு, ஓர் அணு செலவு. இரண்டாம் மட்டத்தில் தங்கி இறங்கினாலும் ஏறக்குறைய அதே கதை. வெளிவரும் ஃபோட்டானை அடுத்த அணு விழுங்கிக்கொள்ளும். முக்கியமாகத் திறந்திருந்தது ஒரு சந்துதான். அந்த மட்டத்தின் ஒரு நிலையிலிருந்து, ஆற்றலை இரண்டு ஃபோட்டான்களாகப் பிரித்துவிட்டு இறங்குவது. இரண்டில் எதற்கும் இன்னோர் அணுவைக் கிளப்பும் தெம்பு இருக்காது. ஆனால் இது நடக்கச் சராசரியாக எட்டில் ஒரு நொடி ஆகும். வழக்கமான இறக்கம் நானோநொடிக் கணக்கில் முடிந்துவிடுகிற அணு உலகில் அது ஒரு யுகம். அதனால்தான் அணுக்கள் சேர்வது இழுத்துக்கொண்டே போய், ஏறத்தாழ 3,80,000 ஆண்டு வயதில், 3000 கெல்வின் அளவில் அண்டம் தெளிந்தது, அதாவது ஒளி தடையின்றி ஓடத் தொடங்கியது. மாஸ்கோவில் செல்டோவிச் குழுவும் அதே சமயத்தில் தனியாக இதே முடிவுக்கு வந்தது.

1970இல் யூ என்பவருடன் சேர்ந்து இன்னொன்றைச் சொன்னார். தெளிவதற்கு முந்தைய பிழம்பில் ஒலியலைகள் ஓடியிருக்கும், அவற்றின் தடம் பின்னணிக் கதிர்வீச்சில், அதாவது முன்பு சொன்ன அந்த மிச்சச் சூட்டில் பதிந்திருக்கும் என்றார். அன்றைக்கு அதை அளக்க வழியே இல்லை. தெளிவாகத் தெரிய 2000ஆம் ஆண்டையொட்டிப் பலூன்களில் பறந்த கருவிகள் வர வேண்டியிருந்தது.

இடையில் 1982. பின்னணிக் கதிர்வீச்சில் ஏற்ற இறக்கத்தைத் தேடித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அவ்வளவு சீரான தொடக்கத்திலிருந்து விண்மீன் மண்டலங்கள் எப்படி உருவாகும்? ஒளியோடு ஒட்டாத, மெதுவாக நகரும் ஒரு பொருளைக் கணக்கில் சேர்த்தார் பீபிள்ஸ். கணக்கு உதைக்காமல் வந்தது. அதுதான் இன்று நாம் சொல்லும் குளிர் கரும்பொருள். 1984இல் அண்டவியல் மாறிலியையும், அதாவது அண்ட விரிவை வேகப்படுத்தக்கூடிய ஓர் எண்ணையும், சேர்த்துப் பார்த்தார்.

மற்றவர்கள் கரும்பொருளைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். அவருக்கோ அது உறுத்தியது. இவ்வளவு எளிதில் பொருந்தும் இன்னொரு மாதிரியும் இருக்கலாமே என்று, கரும்பொருள் இல்லாத மாதிரிகளை அவரே செய்து போட்டிக்கு நிறுத்தினார். 1992இல் கோபி செயற்கைக்கோள் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கத்தைக் காட்டியது. 1998இல் அண்ட விரிவு வேகமெடுப்பது தெரிந்தது. அளவீடுகள் கூடக் கூட அந்தப் போட்டி மாதிரிகள் தோற்றன, அவரும் விட்டுவிட்டார்.

ஆனால் அந்தப் பொருள் எந்தத் துகள் என்பது இன்றும் பிடிபடவில்லை. அண்டம் விரியும் வேகத்தைப் பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டால், ஒவ்வொரு மெகாபார்செக் (சுமார் 33 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கும் நொடிக்கு 67 கிலோமீட்டர் சொச்சம் வருகிறது. சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் விண்மீன்களை வைத்து அளந்தால் 73 பக்கம் நிற்கிறது. இரண்டில் ஏதாவது அளவீட்டில் பிழையா, மாதிரியிலேயே ஓட்டையா என்பதில் அண்டவியலாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.