13 மாதக் குழந்தை மதியம் தூங்க மறுக்கிறதா?

அடுத்து ஓர் அம்மாவின் கேள்வி. "மகளுக்கு 13 மாதம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு முறை தூங்குவாள். ஒரு வாரமாக மதியம் படுக்க வைத்தால் தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சாயங்காலம் ஆனால் ஒரே அழுகை. ஒரு தூக்கமே போதும் என்று மாற்றிவிடலாமா?"

அவசரப்படாதீர்கள் அம்மா. சாயங்காலம் அழுகிறாள் என்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மதியம் தூங்காமலே இரவு வரை உற்சாகமாக விளையாடினால் அந்தத் தூக்கம் அவளுக்குத் தேவையில்லை எனலாம். ஆறு மணிக்கே கண்ணைக் கசக்கிக்கொண்டு, கொடுத்ததையெல்லாம் தூக்கி எறிந்து, இடுப்பை விட்டு இறங்க மறுத்தால், உடம்பு தூக்கம் கேட்கிறது, அவளால் தூங்க முடியவில்லை என்று அர்த்தம்.

இந்த வயதில் எழுந்து நிற்பதும் நடப்பதும் புதிது. அம்மா கண்ணில் படாவிட்டால் பயமும் வரும். அதனால் சில நாள் தூக்கம் கெட்டு, தானாகவே சரியாவதும் உண்டு. பெரும்பாலான குழந்தைகள் 13 முதல் 18 மாதத்துக்குள்தான் ஒரு தூக்கத்துக்கு மாறுகிறார்கள். ஒரு வாரத்தை வைத்து முடிவெடுக்காமல் இன்னும் ஒரு வாரமாவது பாருங்கள்.

அதற்குள் காலைத் தூக்கத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். விழித்திருக்க விழித்திருக்கத்தான் அடுத்த தூக்கத்துக்கான அசதி உடம்பில் சேரும். காலையில் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தவளுக்கு மதியத்துக்குள் அது சேராது. ஒரு மணி நேரத்தில் மெதுவாக எழுப்பிவிடுங்கள். தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், தெரியும். இதற்காக எழுப்புவதில் தப்பே இல்லை.

அப்படியும் இரண்டாவது தூக்கம் வரவில்லை, அல்லது அது வந்தால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகிறது என்றால், சரி, மாற்றத் தொடங்கலாம். ஒரே நாளில் வேண்டாம். காலை ஒன்பதரைக்குத் தூங்குபவளை மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் தள்ளிப் படுக்க வையுங்கள். பன்னிரண்டு, பன்னிரண்டரை வரை வந்துவிட்டால் அதுவே அவளுடைய மதியத் தூக்கம். இதற்குச் சில வாரங்கள் ஆகும். நடுவில் ஒரு நாள் இரண்டு தூக்கம், மறுநாள் ஒன்று என்று மாறி மாறி வரும். அதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

பலர் கோட்டை விடுவது இரவில்தான். ஒரு முறை மட்டும் தூங்கிய நாளில் வழக்கத்தைவிட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே இரவு படுக்க வைத்துவிடுங்கள். சீக்கிரம் படுத்தால் விடியற்காலையில் எழுந்துவிடுவாளோ என்று பயம் இருக்கும். ஆனால் அசதி மீறிப்போன குழந்தைதான் இரவில் அடிக்கடி விழிக்கும். அப்புறம், சாயங்காலம் வண்டியில் போகும்போது பத்து நிமிடம் கண்ணயர்ந்தாலும் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும், அந்த நேரப் பயணத்தைக் கொஞ்ச நாள் தவிருங்கள்.

ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. அந்தக் கணக்கு வந்துவிட்டால் எத்தனை தவணை என்று கவலை வேண்டாம். தூக்கத்தில் தொடர்ந்து குறட்டை விட்டாலோ மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.