லாசருவின் கல்லறை முன்னால் இயேசு ஏன் அழுதார்?

[திரையில்: யோவான் 11]

எருசலேமிலிருந்து ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் பெத்தானியா. அங்கே ஒரு துக்க வீடு. இயேசுவின் நண்பன் லாசருவைக் கல்லறையில் வைத்து நாலு நாள் ஆகிவிட்டது. அவன் வியாதியாய் இருக்கிறான் என்று அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் முன்பே ஆள் அனுப்பியிருந்தார்கள். ஆனால் செய்தி கிடைத்த பிறகும் இயேசு இருந்த இடத்திலேயே 2 நாள் தங்கினார். யோவான் இதை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

இயேசு ஊருக்குள் நுழையும் முன்பே மார்த்தாள் எதிரே வந்துவிடுகிறாள். "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால், என் சகோதரன் மரிக்கமாட்டான்." கொஞ்ச நேரம் கழித்து மரியாள் வந்து காலில் விழுகிறாள். அவள் சொல்வதும் அதே வார்த்தைதான். இந்த நாலு நாளும் சகோதரிகள் இருவரும் வீட்டில் இதையே சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள் போல.

திடீரென்று ஒருவரைப் பறிகொடுத்த எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். அந்த நேரத்தில் கர்த்தர் எங்கே இருந்தார்? வாய்விட்டுக் கேட்டால் விசுவாசக் குறைவு என்று சிலர் பதறிப்போவார்கள். இயேசு பதறவில்லை, யாரையும் கடிந்துகொள்ளவும் இல்லை. மார்த்தாளிடம், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்கிறார். மரியாளிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் அழுவதைப் பார்த்து ஆவியிலே கலங்குகிறார். "எங்கே வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்கிறார். அடுத்து வருவது ஒரே வரி: "இயேசு கண்ணீர் விட்டார்."

[சற்று இடைவெளி]

சரி, இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லாசரு எழுந்து வரப்போகிறான் என்பது இயேசுவுக்குத் தெரியும். அவனை எழுப்பப் போகிறேன் என்று சீஷர்களிடம் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். தெரிந்தும் அழுகிறார். அப்படியானால் அழுகையை அவநம்பிக்கை என்று எப்படிச் சொல்வது? "அழாதீங்க, பரலோகத்தில் பார்க்கத்தானே போறோம்" என்று ஆறுதல் சொல்வோம் இல்லையா, அதில் இரண்டாம் பாதி சரி. முதல் பாதியை விட்டுவிடலாம். விசுவாசத்துக்காகக் கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவான் சாகும்போது வானம் திறந்திருக்கிறதைக் கண்டான். அவன் எங்கே போனான் என்பதில் சபைக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவனை அடக்கம்பண்ணிய தேவபக்தியுள்ளவர்கள் மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்கிறது அப்போஸ்தலர் 8. பவுலும் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது துக்கமே கூடாது என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அப்புறம் கல்லறை. கல்லை எடுத்துப்போடச் சொன்னதும் மார்த்தாள் தடுக்கிறாள். "இப்பொழுது நாறுமே, நாலு நாளாயிற்றே." சற்று முன்புதான் அவரை தேவகுமாரன் என்று அறிக்கையிட்டாள், இப்போது நாற்றத்தை நினைத்துக் கவலைப்படுகிறாள். விசுவாசமும் தயக்கமும் ஒரே ஆளுக்குள் இப்படித்தான் இருக்கும். இயேசு கூப்பிட்டதும் லாசரு பிரேதச் சீலைகளால் கை கால் கட்டப்பட்டு, முகம் துணியால் சுற்றப்பட்டபடியே வெளியே வருகிறான்.

ஆனால் கிறிஸ்தவ நம்பிக்கை லாசருவின் மேல் நிற்கவில்லை. அவன் மறுபடியும் சாக வேண்டியவன். பிரதான ஆசாரியர்கள் அவனையும் கொல்ல ஆலோசித்தார்கள் என்று அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது. நம்பிக்கை நிற்பது இன்னொரு கல்லறையின் மேல். "கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்" என்று 1 கொரிந்தியர் 15-இல் பவுலே எல்லாவற்றையும் அந்த ஒன்றின் மேல் வைத்துவிடுகிறார். கிறிஸ்து முதற்பலன், அதாவது முதலில் எழுந்தவர், மற்றவர்கள் அவருக்குப் பின். அதே அதிகாரத்தில் மரணத்துக்குப் பவுல் வைக்கும் பெயர் கடைசிச் சத்துரு. சாவு இயற்கைதானே, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் சமாதானம் சொல்லவில்லை. சத்துருவுக்குத் தோல்வி உறுதி, ஆனால் இன்னும் சாகிறோம். விசுவாசி வாழ்வது இந்த இரண்டுக்கும் நடுவில்.

[திரையில்: லூக்கா 13]

சரி, "ஏன் எங்களுக்கு?" என்ற கேள்வி? சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, "அப்படியல்ல" என்று இயேசுவே பதிலும் சொன்னார். மனந்திரும்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு அவர் காரணம் எதுவும் தரவில்லை. விபத்து நடந்த வீட்டுக்குப் போய், என்ன பாவமோ என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

காரணம் தெரியாமல் ஜெபிக்க முடியுமா? 88-ஆம் சங்கீதம் அப்படித்தான் ஜெபிக்கிறது. கர்த்தாவே, ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர் என்று கேட்கிறது, கடைசி வரியிலும் ஆறுதல் வராமலே முடிந்துபோகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். முறையிடுகிறவன் தேவனிடம்தான் முறையிடுகிறான். பேச்சை அவன் நிறுத்தவில்லை.

பேச்சை நிறுத்த வேண்டியவர்கள் வேறு. யோபுவின் பிள்ளைகள் பத்துப் பேரும் ஒரே நாளில் வீடு இடிந்து செத்தபின் நண்பர்கள் மூவர் வந்தார்கள். 7 நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் செய்தார்கள். பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். முடிவில் கர்த்தர் அவர்கள்மேல் கோபப்பட்டார், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்றார். கடைசியில் அவர்களுக்காகவும் யோபுதான் ஜெபம் பண்ண வேண்டியதாயிற்று.